மௌனத்தின் முன் நிற்கும் போதகர்
இங்மார் பெர்க்மனின் திரைப்படங்கள் பற்றிய ஒரு மதிப்பீடு

திரைப்படம் என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் முகஞ்சுளிக்கும் வழக்கம் நம் சபைகளில் இன்னும் முற்றாக மறைந்துவிடவில்லை. அவ்வழக்கத்திற்குக் காரணங்கள் இல்லாமலும் இல்லை. எனினும், இருபதாம் நூற்றாண்டின் மனிதர் கடவுளைக் குறித்து எவ்வாறு ஐயுற்றனர், எதற்காக ஏங்கினர் என்பதை அறிய விரும்பும் இறையியல் மாணவர், அந்நூற்றாண்டின் இறையியல் நூல்களை மட்டும் படித்து அமைந்துவிட இயலாது. அந்த ஐயத்தையும் ஏக்கத்தையும் பேராசிரியர்களைவிடக் கூர்மையாக வெளியிட்ட கலைஞர் சிலர் உளர். அவர்களுள் ஒருவர் சுவீடன் நாட்டுத் திரைப்பட நெறியாளர் இங்மார் பெர்க்மன். அவருடைய படங்களில் போதகர்களுக்கும் போதகர்களாக ஆயத்தப்படுவோருக்கும் நேரடியாகத் தொடர்புடையவை எவை, அவற்றை நாம் எங்ஙனம் மதிப்பிடலாம் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

1. போதகர் இல்லத்துப் பிள்ளை

பெர்க்மன் 1918ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 14ஆம் நாள் உப்சாலாவில் பிறந்தார். தந்தை எரிக் பெர்க்மன் லுத்தரன் போதகர். பின்னர் அரச குடும்பத்தின் குருவாகவும் பணியாற்றியவர். சுவீடன் திருச்சபை அந்நாளில் அரசின் திருச்சபை. அரசிடமிருந்து அது பிரிந்தது 2000ஆம் ஆண்டில்தான். தமிழகத்தார்க்கு அத்திருச்சபை அந்நியமானதன்று. அதன் அருட்பணியாளர் நம்மிடையே உழைத்தனர். 1919இல் உருவான தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையின் முதல் பேராயர் ஹேமன் சுவீடன் நாட்டவரே. ஆகவே பெர்க்மனின் படங்களில் நாம் காணும் பீடமும் அங்கியும் ஆராதனை முறைமையும் நம்மில் பலர்க்கு ஓரளவு பழக்கமானவை.

1987இல் வெளிவந்த ‘மாய விளக்கு’ என்னும் தம் வரலாற்று நூலில், பெர்க்மன் தம் இளமைப்பருவத்து இல்லத்தை வருணிக்கிறார். பாவம், அறிக்கை, தண்டனை, மன்னிப்பு, கிருபை ஆகிய சொற்களின் வரிசைப்படியே அவ்வில்லத்தின் ஒழுங்கு அமைந்திருந்தது. பிள்ளை குற்றத்தை ஒப்புக்கொள்ளவேண்டும்; அடி வாங்கவேண்டும்; பின்னர் தந்தையின் கையை முத்தமிடவேண்டும்; அதன்பின்னரே மன்னிப்பு. இதனை நாம் வெறும் குடும்பச் செய்தியாகக் கொள்ளலாகாது. மீட்பின் மாபெரும் சொற்கள் ஒரு பிள்ளையின் உள்ளத்தில் பிரம்போடு சேர்ந்து பதிந்துவிட்டால், பின்னாளில் அப்பிள்ளை கடவுளை எவ்வடிவில் காணும் என்பதற்குப் பெர்க்மனின் படங்கள் அனைத்துமே விடையாக நிற்கின்றன. போதகர் இல்லங்களில் பிள்ளை வளர்ப்போர் இதனை எண்ணிப்பார்த்தல் நலம்.

2. ஏழாம் முத்திரை

பெர்க்மனின் பெயரை உலகறியச் செய்த படங்களுள் தலையாயது 1957இல் வெளிவந்த ‘ஏழாம் முத்திரை’. சிலுவைப்போரிலிருந்து திரும்பும் அந்தோனியஸ் பிளாக் என்னும் வீரன், கொள்ளைநோய் பரவிய தன் நாட்டில் சாவைச் சந்திக்கிறான். அதனோடு சதுரங்கம் ஆடித் தவணை பெறுகிறான். சாகுமுன் கடவுளைப் பற்றிய உறுதியான அறிவு வேண்டும் என்பது அவன் வேட்கை. நம்பிக்கை அவனுக்குப் போதவில்லை. கோயிலில் குருவிடம் பாவ அறிக்கை செய்வதாக எண்ணி அவன் தன் உள்ளத்தைத் திறந்து காட்டுகிறான். கம்பிக்கு அப்பால் அமர்ந்து கேட்பதோ சாவு.

இப்படத்தின் தலைப்பு வெளிப்படுத்தின விசேஷம் 8ஆம் அதிகாரம் 1ஆம் வசனத்திலிருந்து எடுக்கப்பட்டது. ஏழாம் முத்திரை உடைக்கப்பட்டபோது பரலோகத்தில் அரைமணி நேரமளவு உண்டான அமைதியை அவ்வசனம் கூறுகிறது. பெர்க்மன் அவ்வமைதியைக் கடவுளின் மறுமொழியின்மையாகக் கொள்கிறார். அதே அதிகாரத்தின் 3, 4ஆம் வசனங்களை நாம் தொடர்ந்து வாசித்தால், பரிசுத்தவான்களின் ஜெபங்கள் தூபத்தோடு கடவுளின் சமுகத்தில் எழும்பும் காட்சி வருகிறது. மண்ணுலகின் ஜெபங்கள் கேட்கப்படுவதற்காகவே விண்ணுலகம் தன் துதிகளை நிறுத்தி அமைதி காக்கிறது என விளக்கும் உரையாசிரியர்களும் உளர். அவ்வுரை ஏற்புடையதாயின், பெர்க்மன் தாம் தேர்ந்த திருமறைப் பகுதியைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார் என்றே கூறவேண்டும்.

எனினும் படம் தன் நாயகனின் கேள்வியைவிடப் பெரியது. வீரன் சந்திக்கும் யோஃப், மியா என்னும் ஏழைக் கூத்தாடித் தம்பதியர் அவனுக்குக் காட்டு ஸ்ட்ராபெரிப் பழங்களையும் பாலையும் அளிக்கின்றனர். அவன் அக்கிண்ணத்தை இரு கைகளாலும் ஏந்தி, இந்நேரத்தை நினைவில் காப்பேன் என்கிறான். இக்காட்சியில் திருவிருந்தின் சாயலைக் காணாதிருத்தல் அரிது. பின்னர் அவன் சதுரங்கக் காய்களை வேண்டுமென்றே தட்டிவிட்டுச் சாவின் கவனத்தைத் திருப்ப, அந்நேரத்தில் அக்குடும்பம் தப்பிச்செல்கிறது. அறிவைத் தேடியவனுக்கு அறிவு கிட்டவில்லை. ஆனால் பிறர் உயிர் காக்கும் ஒரு செயல் கிட்டியது. படத்தின் உண்மையான விடை இதுவே என நாம் கருதுகிறோம். ஆனால் நம் சொற்பொழிவுகளில் இப்படத்தை எடுத்தாளுவோர் பெரும்பாலும் சதுரங்கக் காட்சியோடு நின்றுவிடுகின்றனர்.

3. அவசரமான ஆறுதல்கள்

1960இல் வெளிவந்த ‘கன்னியின் ஊற்று’ பழைய சுவீடன் கதைப்பாடல் ஒன்றைத் தழுவியது. மகளைக் கொன்றவர்களைப் பழிவாங்கிய தந்தை, அவர்களோடிருந்த சிறுவனையும் கொன்றுவிட்டு, கடவுளை நோக்கி முறையிட்டு, தன் கைகளால் கற்கோயில் ஒன்று கட்டுவதாகப் பொருத்தனை செய்கிறான். மகளின் உடல் கிடந்த இடத்தில் நீரூற்றுப் பெருகுகிறது. படம் அமெரிக்கத் திரைப்படக் கழகத்தின் ஆஸ்கார் பரிசைப் பெற்றது. ஆயினும் அவ்வூற்று நம்மை முழுமையாக அமைதிப்படுத்தவில்லை. கொலையுண்ட சிறுவனுக்காக எந்த ஊற்றும் பெருகவில்லையே! பிற்காலத்தில் பெர்க்மனே இப்படத்தை உயர்வாக மதிக்கவில்லை.

அடுத்து 1961இல் வந்த ‘கண்ணாடியில் மங்கலாக’ 1 கொரிந்தியர் 13:12ஐத் தலைப்பாகக் கொண்டது. ஒரு தீவு, நான்கே மாந்தர். மனநோயுற்ற காரின் என்னும் பெண் கடவுளின் வருகைக்காகக் காத்திருக்கிறாள். கதவு திறந்து வருவதாக அவள் காண்பது ஒரு சிலந்தியை. அவள் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டபின், தந்தை தம் மகனிடம் அன்பே கடவுள் என்ற பொருள்பட ஆறுதல் கூறுகிறார். தந்தை தன்னோடு பேசினார் என்று மகன் மகிழ்வதோடு படம் முடிகிறது.

இம்முடிவு கேட்பதற்கு இனிது. ஆனால் படத்தினின்று இயல்பாக எழவில்லை. மகளின் நோயைக் கூடத் தம் எழுத்துக்குப் பொருளாக்க எண்ணிய தந்தை, ஒரு மாலைப்பொழுதில் அன்பின் இறையியலை அறிவிக்கிறார். அச்சொற்களுக்கு விலை கொடுத்தவர் எவருமில்லை. நம் அடக்க ஆராதனைகளில் கூறப்படும் ஆறுதல்களுள் எத்தனை இவ்வகையைச் சார்ந்தவை என்பதை நாம் ஆராயவேண்டும். இக்குறையைப் பெர்க்மனே உணர்ந்தார் என்பதற்கு அடுத்த படம் சான்று. அதில் வரும் ஆர்கன் வாசிப்பவர், அன்பே கடவுள் என்னும் அதே சொற்களைத் தம் போதகர் முன்பு பேசிய பேச்சாக எடுத்துச்சொல்லி ஏளனம் செய்கிறார்.

4. திருவிருந்துக்கு வந்தோர்

அவ்வடுத்த படம் 1963இல் வெளிவந்தது. ஆங்கிலத்தில் ‘குளிர்கால வெளிச்சம்’ என்ற பெயரால் அறியப்படினும், சுவீடன் மொழியில் அதன் பெயர் ‘திருவிருந்துக்கு வந்தோர்’ என்று பொருள்படும். நம் மதிப்பீட்டில் பெர்க்மனின் படங்களுள் தலைசிறந்தது இதுவே. போதகர் ஒவ்வொருவரும் ஒருமுறையேனும் காணவேண்டியதும் இதுவே.

கதை ஒரு ஞாயிற்றுக்கிழமையின் நண்பகலுக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் இடையே நடைபெறுகிறது. தோமாஸ் எரிக்சன் என்னும் போதகர் (நடிப்பு: குன்னார் பியோர்ன்ஸ்ட்ராண்ட்) விரல்விட்டு எண்ணத்தக்க சிலருக்குத் திருவிருந்து பரிமாறுகிறார். மனைவியை இழந்தவர், காய்ச்சலால் வருந்துபவர், விசுவாசமும் தளர்ந்தவர். ஆராதனை முடிந்தபின் யோனாஸ் பெர்சன் என்னும் மீனவரும் அவர் மனைவியும் வெஸ்டிரிக்கு வருகின்றனர். சீனர் அணுகுண்டு செய்யப்போகிறார்கள் என்ற செய்தியை வாசித்ததிலிருந்து யோனாஸ் வாழும் விருப்பத்தை இழந்திருக்கிறார். சீனா தன் முதல் அணுகுண்டை வெடித்தது 1964ஆம் ஆண்டு அக்டோபரில். படம் அதற்கு முந்தியது. யோனாஸின் அச்சம் வெறும் மனமயக்கமன்று.

கடவுளை நம்பவேண்டும் என்று போதகர் கூறுகிறார். கூறும்போதே தம் சொல்லில் தமக்கே பற்றில்லை என்பது அவர் முகத்தில் தெரிகிறது. பின்னர் யோனாஸ் தனியே திரும்பிவரும்போது, தோமாஸ் அவரைப் பேசவிடாமல் தம்மைப் பற்றியே பேசுகிறார்: தம் இளமை, ஸ்பெயின் உள்நாட்டுப் போரைக் காண மறுத்த தம் குருட்டுத்தனம், தமக்கு மட்டும் ஆறுதல் அளித்த தம் கடவுள், அக்கடவுளின் வீழ்ச்சி. யோனாஸ் எழுந்து செல்கிறார். சிறிது நேரத்தில், ஆற்றங்கரையில் அவர் தம்மைத்தாமே சுட்டுக்கொண்டார் என்னும் செய்தி வருகிறது.

இப்படத்தைக் கடவுளின் மௌனத்தைப் பற்றியது என்று கூறுவோர் பலர். அது தவறன்று, ஆனால் போதாது. வெஸ்டிரியில் நிகழ்ந்த அழிவுக்குக் காரணம் கடவுள் பேசாமையன்று, போதகர் பேசியதே. சாவின் விளிம்பில் நின்ற ஒருவர் கேட்கப்படுவதற்காக வந்தார். கேட்கவேண்டியவர் தம் புண்ணை அவர்முன் திறந்து வைத்தார். தோமாஸின் ஐயம் பாவமென்று நாம் சொல்லோம். சங்கீதங்களும் யோபும் அறிந்த ஐயம் அது. அவ்வையத்தைச் சுமக்கும் வலிமையற்ற தோள்மேல் அதனை இறக்கிவைத்ததே அவர் குற்றம். ஆயர்பணி இறையியலில் பல விரிவுரைகளால் விளக்கவேண்டிய உண்மையை இப்படம் ஒரு காட்சியில் விளக்கிவிடுகிறது.

பள்ளி ஆசிரியை மார்த்தா தோமாஸுக்கு எழுதும் கடிதமும் இத்தகையதே. ஒளிப்பதிவாளர் ஸ்வென் நிக்விஸ்ட் அவள் முகத்தை மட்டும் நெடுநேரம் காட்ட, அவள் நம்மை நோக்கியே பேசுகிறாள். நாத்திகக் குடும்பத்தில் வளர்ந்தவள் அவள். தன் கைகளில் தோல்நோய் கண்டபோது, ஜெபத்தை நம்பும் தோமாஸ் தனக்காக ஜெபிக்க இயலாமல் அருவருத்து விலகினார் என்பதை அவள் நினைவூட்டுகிறாள். குஷ்டரோகியைத் தொட்ட ஆண்டவரின் ஊழியர் தோல்நோயைக் கண்டு விலகுகிறார். விசுவாசமில்லாதவளோ அவரை விட்டு விலகவில்லை.

5. கோயிற்பிள்ளையும் பணிப்பெண்ணும்

மாலை ஆராதனைக்காகத் தோமாஸ் மற்றொரு கோயிலுக்குச் செல்கிறார். அங்கு அல்கோட் ஃப்ரோவிக் என்னும் கோயிற்பிள்ளை காத்திருக்கிறார். உடல் ஊனமுற்றவர், ஓயாத வலியால் உறக்கமற்றவர். வலி மிகும் இரவுகளில் எதையேனும் வாசிக்கும்படி போதகர் என்றோ கூறியதைப் பின்பற்றிச் சுவிசேஷங்களை வாசித்து வந்திருக்கிறார். கிறிஸ்துவின் பாடுகளில் உடல் வேதனைக்கே நாம் அதிக இடம் கொடுத்துவிட்டோம் என்பது அவர் எண்ணம். அவ்வேதனை சில மணி நேரமே நீடித்தது. அம்மட்டில் தாமும் துன்புற்றிருப்பதாக அடக்கத்தோடு கூறுகிறார். கெத்செமனேயில் சீடர்கள் உறங்கியது, யாவரும் விட்டோடியது, சிலுவையில் தந்தையும் தம்மைக் கைவிட்டார் என ஆண்டவர் எண்ணியது ஆகிய இவையன்றோ பெரும் வேதனை என்று அவர் வினவுகிறார்.

பெரிய வெள்ளிக்கிழமைகளில் ஏழு வார்த்தைகளை விரித்துரைக்கும் நாம், நான்காம் வார்த்தைக்கு இதனினும் ஆழ்ந்த விளக்கம் கேட்டதுண்டோ? அதனை அளிப்பவர் பட்டம் பெற்ற போதகரல்லர். மணியடித்து விளக்கேற்றும் ஊழியர். போதகர் பொழுதுபோக்காகச் சொன்ன ஆலோசனை அவரிடம் கனி தந்திருக்கிறது, போதகரிடம் தரவில்லை. கடவுளின் மௌனம் விசுவாசத்தின் முடிவென்று தோமாஸ் எண்ணியிருந்தார். அம்மௌனத்தில் கிறிஸ்து முன்பே நின்றிருக்கிறார் எனக் கோயிற்பிள்ளை காட்டுகிறார்.

‘ஓலங்களும் முணுமுணுப்புகளும்’ (1972) படத்திலும் இதே முறைமையைக் காண்கிறோம். நோயால் இறந்த ஆக்னெஸ் என்னும் பெண்ணின் படுக்கையருகே போதகர் ஜெபிக்கிறார். அவள் விசுவாசம் தம் விசுவாசத்தினும் வலியது என்று ஒப்புக்கொண்டு, எங்களுக்காக மன்றாடு என்று இறந்தவளை வேண்டுகிறார். உடன்பிறந்த சகோதரிகள் அவள் உடலைத் தொட அஞ்சுகின்றனர். அன்னா என்னும் பணிப்பெண்ணே அவளைத் தன் மார்போடு அணைத்துக்கொள்கிறாள். மரித்த ஆண்டவரை மடியில் ஏந்திய மரியாளின் சிற்பங்களை அக்காட்சி நினைவூட்டுகிறது. இறுதியில் அவ்வீட்டார் அன்னாவை வேலையினின்று நீக்கிவிடுகின்றனர்.

கூத்தாடிகள், கோயிற்பிள்ளை, பணிப்பெண்: பெர்க்மனின் உலகில் கிருபை தங்குமிடங்கள் இவை. ஐயுறுவோர் கற்றவர்கள், தாங்குவோர் சிறியவர்கள். பெர்க்மன் இதனை ஒரு கோட்பாடாக அறிவிக்கவில்லை. ஆயினும் அவர் படங்களைத் தொடர்ந்து காண்போர் இதனைக் கவனியாதிருக்க முடியாது.

6. குறைகள்

இத்துணை போற்றியபின் குறைகளையும் கூறுதல் கடன். முதலாவது, பெர்க்மன் எதிர்த்துப் போராடும் கடவுள் பெரிதும் அவர் தந்தையின் சாயலுடையவர். 1982இல் வெளிவந்த ‘ஃபன்னியும் அலெக்சாண்டரும்’ படத்தின் பேராயர் வெர்கேருஸ், தம் மனைவியின் மகனைக் கடமையின் பெயரால் பிரம்பால் அடித்து, அதனை அன்பென்று நம்புகிறார். அவர் இறந்தபின்னும் அவர் ஆவி சிறுவனைப் பின்தொடர்கிறது. இக்கொடுமையைத் திருச்சபை நாணத்தோடு பார்க்கவேண்டும். ஆனால் அப்பேராயரின் கடவுளை விலக்குவது சுவிசேஷத்தின் கடவுளை விலக்குவதாகாது. இவ்விரண்டையும் பிரித்துக்காண அவர் எப்போதும் முயன்றார் எனச் சொல்வதற்கில்லை.

இரண்டாவது, அவர் படங்களில் தனிமனிதர் உண்டு, சபை இல்லை. கூடிப் பாடுவோர், சேர்ந்து அழுவோர், ஒருவர் பாரத்தை ஒருவர் சுமப்போர் அங்கு அரியர். வெற்று இருக்கைகளே அவர் கண்ட திருச்சபை. நம் கோயில்களில் இருக்கைகள் நிறைந்துள்ளன. ஆயினும் நிறைந்த கோயிலில் யோனாஸ் போன்ற ஒருவர் அமர்ந்திருப்பின், அவரை யாரும் கவனியாமல் ஆராதனை முடிந்துவிடக்கூடும் என்பதையும் மறத்தல் ஆகாது.

மூன்றாவது, பெர்க்மனின் உலகில் பெரிய வெள்ளி உண்டு. உயிர்ப்பின் ஞாயிறு இல்லை. நான்காவது, அவர் மாந்தரின் துன்பம் பெரும்பாலும் உள்ளத்தின் துன்பம். பசி, சாதி, அடிமைத்தனம் ஆகியவற்றின்கீழ் எழும் கூக்குரலை அவர் படங்களில் நாம் மிகுதியாகக் கேட்பதில்லை. யாத்திராகமம் 3:7இல் அடிமைகளின் கூக்குரலைக் கேட்டேன் என்கிற கடவுளை அறிந்த நம் மக்களிடையே, கடவுள் ஏன் பேசவில்லை என்னும் கேள்வியோடு, அவர் கேட்ட கூக்குரலைத் திருச்சபை ஏன் கேட்கவில்லை என்னும் கேள்வியும் எழுந்தாகவேண்டும்.

7. ஆராதனை தொடங்குகிறது

‘திருவிருந்துக்கு வந்தோர்’ படத்தின் முடிவுக்குத் திரும்புவோம். இரண்டாம் கோயிலில் சபையார் எவரும் வரவில்லை. மார்த்தா மட்டும் அமர்ந்திருக்கிறாள். ஆராதனையை நிறுத்திவிடலாம். ஆனால் தோமாஸ் எழுந்து பீடத்தின்முன் நின்று, ஏசாயா 6ஆம் அதிகாரத்துச் சேராபீன்களின் துதியைக் கூறி ஆராதனையைத் தொடங்குகிறார். அத்தோடு படம் முடிகிறது. இம்முடிவுக்கு ஒரு நிகழ்ச்சி காரணம் எனப் பெர்க்மன் தம் நூலில் எழுதுகிறார். கோயில் ஒன்றில் உடல்நலமில்லை என்று போதகர் ஆராதனையைச் சுருக்க முற்பட்டபோது, அங்கு வந்திருந்த தம் முதிய தந்தை வெஸ்டிரிக்குச் சென்று, பின்னர் தாமே பீடப்பணியை நிறைவேற்றினாராம். எது நேரினும் ஆராதனை நடைபெறவேண்டும் என்னும் நெறியை அன்று தாம் கற்றதாக அவர் கூறுகிறார். வாழ்நாளெல்லாம் தந்தையோடு போராடிய மகன், தம் சிறந்த படத்தின் முடிவைத் தந்தையிடமிருந்தே பெற்றார்.

தோமாஸ் விசுவாசத்தோடு நிற்கிறாரா, வெறும் பழக்கத்தாலா? படம் விடை கூறவில்லை. 1530ஆம் ஆண்டின் ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை தன் எட்டாம் பிரிவில், ஊழியர் தகுதியற்றவராயினும் கிறிஸ்து ஏற்படுத்திய திருவருட்சாதனங்கள் பயனற்றுப்போவதில்லை என்கிறது. ஆங்கிலிக்கன் சபையின் 26ஆம் பிரமாணமும் இதனையே கூறுகிறது. தொனாத்தியருக்கு எதிராக அகஸ்தீன் நிலைநாட்டிய கொள்கை இது. இக்கொள்கை சபையாருக்கு ஆறுதலாகக் கொடுக்கப்பட்டதேயன்றி, ஊழியர் தம் வெறுமையை மறைத்துக்கொள்ளும் போர்வையாகக் கொடுக்கப்படவில்லை. பீடத்தின் பணி தோமாஸ் இன்றியும் நிலைக்கும். ஆனால் வெஸ்டிரியில் யோனாஸுக்குச் செவிகொடுக்கும் பணி அவர் ஒருவரையே சார்ந்திருந்தது. முன்னதைக் காத்த கடவுள் பின்னதை நம் கையில் ஒப்படைத்திருக்கிறார்.

பெர்க்மன் 2007ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள், தாம் நெடுங்காலம் வாழ்ந்த ஃபோரோ தீவில் காலமானார். அவரை விசுவாசி என்று நாம் உரிமை கொண்டாடவேண்டியதில்லை. நாத்திகர் என்று ஒதுக்கவும் வேண்டியதில்லை. நம் கல்லூரிகளின் ஆயர்பணி வகுப்பில் இவ்வொரு படத்தையேனும் மாணவர்க்குக் காட்டி, யோனாஸ் இரண்டாம் முறை வெஸ்டிரிக்குள் நுழையும் இடத்தில் நிறுத்தி, அவரிடம் நீங்கள் என்ன கேட்பீர்கள் என்று ஒவ்வொருவரையும் வினவுதல் நலம் பயக்கும். அக்கேள்விக்கு அருட்பொழிவுக்கு முன்பே ஆயத்தப்படுதல் மாணவருக்கும் நல்லது. அவர் கையில் ஒப்படைக்கப்படவிருக்கும் சபைக்கும் நல்லது.